கலர் கொஞ்சம் ஏத்திடு

எங்கள் ஊரில் கறுப்பாக யாரும் பிறப்பதில்லை. கறுப்பாக யாருக்கும் கல்யாணம் ஆவதில்லை, கறுப்பாக யாரும் கட்சியில் சேர்வதில்லை, சாவதும் இல்லை. சந்தேகம் இருந்தால் கடலூர் முதுநகரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து வாருங்கள். சவுக்குக் கம்பில் கட்டி நிறுத்திய பிளெக்ஸ் பேனர்களில் காது குத்தும் குழந்தை ரோஸ், மாப்பிள்ளை ரோஸ், மாப்பிள்ளையை வாழ்த்தும் நண்பர்கள் வரிசையாக ரோஸ். ஆயுசு பூராவும் முந்திரிக் காட்டில் வெயிலில் கிடந்து உழைத்துச் செத்த பெரியவர்கூடக் கண்ணீர் அஞ்சலியில் ரோஜாப்பூ மாதிரி சிரித்துக்கொண்டிருப்பார்.

அந்த ரோஸை அடித்துக் கொடுப்பவர்களில் நானும் ஒருவன். முதுநகர் ஸ்டேஷன் ரோட்டில் பிளெக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆர்டர் கொடுக்க வருகிறவர்கள் பேனரின் அளவைச் சொல்ல மறப்பார்கள், விழா நடக்கும் தேதியையே மறப்பார்கள். "கலர் கொஞ்சம் ஏத்திடு" என்பதை மட்டும் மறக்க மாட்டார்கள். அப்படியே மறந்து போனாலும் பாதி வழியில் வண்டியை நிறுத்திப் போன் போட்டுச் சொல்வார்கள். ஒருத்தர் தன் வீட்டு நாய்க்குப் பிறந்தநாள் பேனர் அடிக்க வந்தார். நாய்க்கும் ஏத்தச் சொன்னார்.

இந்த லட்சணத்தில் இருந்த என் கடைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் வந்தாள். உகாண்டாவிலிருந்து சிதம்பரத்துக்குப் படிக்க வந்தவள். பாசஞ்சர் ரயிலில் முதுநகரில் இறங்கி, தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போய் உட்கார்ந்து படம் வரைவது அவளுடைய ஞாயிற்றுக்கிழமை வேலை. அவள் என் கடைப் படியில் கால் வைத்ததுமே பக்கத்துக் கடைகளிலிருந்து தலைகள் நீண்டன. டீக்கடைக்காரர், யாரும் கேட்காமலே ஒரு டீயோடு உள்ளே வந்து, "வெஸ்ட் இண்டீஸா?" என்று என்னிடம் கேட்டார். உகாண்டா என்றேன். "அதான், வெஸ்ட் இண்டீஸ் பக்கம்தான?" என்று தானே முடிவு செய்துகொண்டு போனார். உலக வரைபடத்தில் எங்கள் ஆட்களுக்குத் தெரிந்தது சிங்கப்பூர், துபாய், கிரிக்கெட் ஆடும் நாடுகள். அதற்கு மேல் ஒன்றும் கிடையாது.

அவள் ஒரு அட்டைப் பையைத் திறந்து படங்களை மேஜைமேல் பரப்பினாள். ஸ்கேன் பண்ண வேண்டும் என்றாள். விடுதி மெஸ்ஸிலும் பஸ்ஸிலும் பொறுக்கிய தமிழ் அவளுடையது. பேசுவாள், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது.

"அண்ணா, ஒண்ணே ஒண்ணு. ஸ்கேன் பண்ணும்போது கலர் மாத்த வேணாம்."

நான் சிரித்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு வார்த்தை சொன்ன முதல் மனுஷி அவள்தான்.

படங்களைப் பார்த்த பிறகு சிரிப்பு போய்விட்டது. எல்லாம் உடைகளுக்காக வரைந்த படங்கள். உடை தைக்கிறவர்களும் விற்கிறவர்களும் முன்னால் வைத்துப் பார்ப்பதற்கென்று இப்படி வரைவார்களாம். உருவங்கள் நெடுநெடுவென்று, கழுத்தும் காலும் நீண்டு நின்றன. ஒன்றில் அவளுடைய ஊர்ப் பெண், தோள் இரண்டும் கூராகத் தூக்கி, இடுப்பில் அகலப் பட்டை கட்டிய அவர்கள் ஊர் உடையில் நின்றாள். இன்னொன்றில் நம் தேவனாம்பட்டினத்து மீன்காரம்மா. சேலையைத் தூக்கிச் சொருகி, இடுப்பில் கூடையோடு நிற்கிறார். அந்தச் சொருகலை நான் பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். அது ஒரு உடை என்றோ, அதில் ஒரு அழகு இருக்கிறது என்றோ ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை. இந்தப் பெண் எங்கிருந்தோ வந்து, தூரிகையை ஒரே இழுப்பில் வளைத்து அதைக் காட்டிவிட்டாள்.

அப்புறம் அந்தக் கறுப்பு. எனக்குக் கறுப்பு என்றால் பேனரில் எழுத்து அடிக்கிற மை, அவ்வளவுதான். அவள் படத்திலோ கறுப்புக்குள்ளே நீலம் ஓடியது, செம்மண் ஓடியது, கத்தரிப்பூ நிறம் ஓடியது. மீன்காரம்மாவின் தோளில் வெயில் விழுந்த இடம் எண்ணெய் தேய்த்த மாதிரி மின்னியது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவள் படங்களை நாலு பேர் பார்க்கும்படி எங்காவது மாட்டியே தீர வேண்டும் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன்.

அவளுக்கும் அதுதான் தேவையாக இருந்தது. வீட்டில் அவளை வணிகவியல் படிக்க அனுப்பியிருந்தார்கள். படிப்பு முடிந்துவிட்டது. உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவில் உடை தயாரிக்கிற ஒரு நிறுவனம் அவள் படங்களைப் பார்த்துப் பிடித்துப்போய், ஒரு நிபந்தனை வைத்திருந்தது. அவளுடைய படம் ஏதாவது ஒரு துணிக் கடையில், அவள் பெயரோடு, வெளி ஜனங்கள் பார்க்கும்படி இருக்க வேண்டும். வருஷக் கடைசிக்குள் அதன் போட்டோவை அனுப்பினால் வேலை. இல்லாவிட்டால் ஊருக்குப் போய்ச் சித்தப்பாவின் சிமெண்ட் கடையில் உட்கார வேண்டும்.

"நாள் பூரா சிமெண்ட், அண்ணா" என்றாள்.

சிதம்பரத்துத் துணிக்கடைகளில் ஏற்கனவே ஏறி இறங்கியிருந்தாள். எல்லாக் கடையிலும் காபி கொடுத்திருக்கிறார்கள். எல்லாக் கடையிலும் முதலாளி, முதலாளி மகன், கணக்குப்பிள்ளை எல்லோரும் பக்கத்தில் நின்று செல்பி எடுத்திருக்கிறார்கள். அட்டைப் பையைத் திறக்கச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. ஒரு புண்ணியவான் மட்டும், ஆடித் தள்ளுபடிக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வாசலில் நின்று கும்பிட முடியுமா, கூட்டம் சேரும் என்று கேட்டிருக்கிறார். உபசரிப்புக்குப் பேர்போன மண் அல்லவா.

எனக்குக் கைவசம் ஒரு துணிக்கடை இருந்தது. என் மனைவியின் சித்தப்பா கடலூரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். நான் மாமா என்றுதான் கூப்பிட வேண்டும். தீபாவளிக்கு முன்னால் சிதம்பரம் மேல வீதியில் புதுக் கிளை திறக்கிற மும்முரத்தில் இருந்தார். மாமா நல்ல நாவற்பழக் கறுப்பு. களையான முகம். அந்த விஷயம் அவருக்குத் தெரியாது, யாராவது சொன்னாலும் சண்டைக்கு வருவார். அவருடைய பேனர்களில் அவரை எத்தனையோ தடவை ரோஸாக்கியிருக்கிறேன். ஒரு தடவை அத்தையே பேனருக்கு முன்னால் நின்று, "உங்க மாமா படம் எங்கப்பா?" என்று கேட்டார்.

மாமா கல்லாவில் உட்கார்ந்தபடி என் போனில் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"டிராயிங்கு சூப்பரா இருக்குது மாப்ளே. ஆனா எல்லாம் கறுப்பா இருக்குதே."

"ஆமா மாமா. அவுங்க ஊரு பொண்ணு கறுப்பு. இவுங்க நம்ம தேவனாம்பட்டினத்துக்காரங்க, இவுங்களும் கறுப்பு. நீங்க, நானு, உங்க கடைக்கு வர்ற ஜனங்க, யாரு மாமா வெள்ளை?"

"அதுக்குன்னு தீபாவளியும் அதுவுமா கடை வாசல்ல வைக்க முடியுமா? மீன்காரி வேற."

நான் விடவில்லை. ஊரில் எல்லாக் கடை வாசலிலும் அதே வடநாட்டு மாடல் பெண், அதே சிரிப்பு, நம் கடை மட்டும் தனியாகத் தெரியும் என்று அடுக்கினேன். அவருக்குப் புரிகிற ஒரே மொழியில், இலவசம் என்றும் சொன்னேன். மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பாரின் ஆர்ட்டிஸ்ட்டுன்னு போட்டுக்கலாமா?"

"தாராளமா."

"எந்த பாரின்னு சொன்ன?"

"உகாண்டா."

"அது வேணாம். வெறும் பாரின்னு போட்டா போதும்."

இரண்டு விஷயம் மட்டும் கறாராகச் சொன்னேன். அவள் பெயர் பெரிதாக இருக்க வேண்டும். படத்தின் கலரில் யாரும் கை வைக்கக் கூடாது. "சரி சரி, ஆகட்டும்" என்றார். பேனரை நான் அடிக்கிறேன் என்றதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. புதுக் கடைக்கு உள்ளூர்க்காரனிடம் வேலை கொடுத்தால்தான் ஊர் அண்டுமாம். படங்களின் பைல்களைச் சிதம்பரத்துப் பிளெக்ஸ்காரருக்கு அனுப்பிவிட்டேன். கலரைத் தொடாதீர்கள் என்று அவருக்கும் போனில் சொன்னேன். "சார், இருவது வருச சர்வீஸ் சார், கவலையே படாதீங்க" என்றார். அப்போதே கவலைப்பட்டிருக்க வேண்டும்.

திறப்பு விழா அன்று காலையில் பஸ் ஏறினேன். சிப்காட், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று வழி நெடுக மாமாவின் ரோஸ் முகம் என்னை வரவேற்றுக்கொண்டே வந்தது. மேல வீதியில் இறங்கியபோது நாதஸ்வரம் முழங்கிக்கொண்டிருந்தது. கூட்டத்துக்கு நடுவில் முதலில் அவளுடைய முதுகுதான் தெரிந்தது. அந்தக் கூர்த் தோள் உடையைத் தானே தைத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். கையில் போன். போட்டோ எடுக்க வந்தவள், போனைத் தூக்காமல் மேலே பார்த்தபடி நின்றாள். நானும் மேலே பார்த்தேன்.

கட்டடத்தின் மூன்று மாடிக்கும் இரண்டு படங்கள் தொங்கின. உகாண்டாப் பெண் பால்கோவா நிறத்தில் இருந்தாள். அவளுடைய சுருட்டை முடியை நீட்டிவிட்டு, மல்லிகைப் பூ வைத்து, நெற்றியில் பொட்டும் வைத்திருந்தார்கள். மீன்காரம்மாவை அதற்கும் மேலே ஒரு சுற்று ஏத்தியிருந்தார்கள். இடுப்பில் கூடை இல்லை. கூடையைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் மாமா கடையின் பையைக் கொடுத்திருந்தார்கள். அந்த நீலம், அந்தச் செம்மண், தோளில் விழுந்த வெயில், ஒன்றும் மிச்சமில்லை. கீழே ஆங்கில எழுத்தில் அவள் பெயர் மட்டும் ஆளுயரத்துக்குப் பளிச்சென்று இருந்தது.

"பேரு சரியா இருக்கு அண்ணா. ஒரு எழுத்து தப்பு இல்ல. படம் என்னோடது இல்ல" என்றாள்.

எனக்கு அவமானத்தில் உடம்பு எரிந்தது. ஆனாலும் அவளுடைய வேலை என் கண் முன்னால் நின்றது. சிமெண்ட் கடையும் நின்றது. வருஷக் கடைசிக்கு அதிக நாள் இல்லை. "போட்டோ எடுத்துக்கம்மா. உனக்கு வேண்டியது அதான? அங்க யாருக்குத் தெரியப்போவுது?" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அங்க எல்லாரும் கறுப்பு அண்ணா. அவுங்களுக்குத் தெரியாதா?"

பிறகு நேராக மாமாவிடம் போனாள். மாமா பட்டு வேட்டியில், கழுத்து நிறைய மாலையோடு நின்றார்.

"அங்கிள், என் பேரை எடுத்துடுங்க."

மாமாவுக்குப் பாவம், நிஜமாகவே புரியவில்லை. "ஏம்மா, பெருசாத்தான போட்டிருக்கோம்? இன்னும் பெருசா வேணுமா?"

நான் குறுக்கே விழுந்து விளக்கினேன். மாமா கூட்டத்தில் நின்ற பிளெக்ஸ்காரரைக் கூப்பிட்டு விசாரித்தார். அவர் முகத்தில் பெருமை வழிந்தது. "பைலு ரொம்ப டல்லா வந்துது சார். நீங்க வேணாம்னு சொன்னாலும் எனக்கு மனசு கேக்கல. நானே ஒக்காந்து ராவெல்லாம் ஏத்துனேன். எக்ஸ்ட்ரா சார்ஜ் இல்ல" என்றார். அந்த மனுஷனிடம் ஒரு துளி கெட்ட எண்ணம் கிடையாது. கறுப்பு என்றால் பைலில் ஏதோ கோளாறு, அதைச் சரிசெய்வதுதான் தொழில் சுத்தம் என்று மனதார நம்புகிறார். கெட்ட எண்ணம் இருந்திருந்தால் சட்டையைப் பிடித்திருக்கலாம். இந்த நல்லெண்ணத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"நான் மாத்தாதேன்னுதான் சொன்னேன் மாப்ளே, ஆர்வத்துல பண்ணிட்டாரு. ஆனா பாரு, எவ்ளோ லட்சணமா இருக்குது!" என்றார் மாமா.

இறக்கிவிடுங்கள், என் செலவில் புதிதாக அடித்துத் தருகிறேன் என்றேன். மாமா பதறிப்போனார். நல்ல நேரம் பார்த்து, தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டிக் கட்டிய பேனரை முதல் நாளே இறக்குவதா? கடை விளங்குமா? தீபாவளி முடிகிற வரைக்கும் பேனரைத் தொடக் கூடாது, பெயரை வேண்டுமானால் வெட்டிக்கொள், அது ஒன்றும் சாமி குற்றம் இல்லை என்றார். எங்கள் ஆட்களின் சகுனத்துக்கும் ஒரு அளவுகோல் இருக்கிறது. முதலாளியின் பேனருக்கு ஒன்றும் ஆகக் கூடாது. வரைந்தவள் பெயர் போனால் போகட்டும்.

ஏணி வந்தது. கட்டரை வாங்கிக்கொண்டு நானே ஏறினேன். பெயர் வெட்டுவது எனக்குப் புதிதல்ல. கட்சி மாறினவர்கள் பெயரை வெட்டியிருக்கிறேன். பேனர் அடித்த பிறகு சண்டை போட்டுக்கொண்ட சம்பந்திகள் பெயரை வெட்டியிருக்கிறேன். பெயருக்குச் சொந்தக்காரியே கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொள்ள, இதுவரை நான் வெட்டியதில்லை. கடைசி எழுத்து கோணலாகக் கிழிந்தது. வெட்டிய பட்டையை அவள் வாங்கிச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டாள். பேனரின் அடியில் நீளமாக ஒரு ஓட்டை, அதற்குப் பின்னால் பூசாத செங்கல் சுவர். அப்போதுதான் போனைத் தூக்கி ஒரு போட்டோ எடுத்தாள்.

இறங்கி வந்து மாமாவிடம், "உங்க மூஞ்சிய ஒரு நாளாச்சும் கண்ணாடில பாத்திருக்கீங்களா மாமா?" என்று கேட்டேன். சொந்தக்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள். நாதஸ்வரக்காரர்கூட நிறுத்திவிட்டார். மாமா மட்டும் அசையவில்லை. "டென்ஷன் ஆவாத மாப்ளே. எனக்கு ஏற்கனவே பிரஷர் ஜாஸ்தி. சாப்ட்டுட்டுப் போ" என்றார். சாப்பிடாமல் வந்துவிட்டேன். பெரியவரை எல்லோர் முன்னாலும் பேசிவிட்டேன் என்று வீட்டில் என் மனைவி பல நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மறுநாளே அந்த ஓட்டையின்மேல் மாமாவின் படத்தை ஒட்டிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். கேட்க வேண்டுமா, ரோஸ்தான்.

அவள் அந்தப் போட்டோவையும், தான் வரைந்த மீன்காரம்மாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கம்பாலாவுக்கு அனுப்பினாள். கூட இரண்டே வரி எழுதியிருந்தாள். இடது பக்கம் இருப்பது நான் வரைந்தது. வலது பக்கம் இருப்பது என் பெயர் இருந்த இடம். அவ்வளவுதான். வேலை போயிற்று, சிமெண்ட்தான் என்று நான் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தபோது வேலைக்கு வரச் சொல்லி அவர்களிடமிருந்து அழைப்பு வந்தது. அந்த இரண்டு படங்களையும் அவர்கள் தங்கள் பேஸ்புக் பக்கத்தில் அப்படியே வெளியிட்டார்கள். அந்த ஊர் ஜனங்கள் பார்த்தார்கள், கோபப்பட்டார்கள், சிரித்தார்கள், பகிர்ந்தார்கள். புறப்படும் நாளில் கடைக்கு வந்து சொல்லிக்கொண்டு போனாள். என்னோடு பேசாத என் மனைவி அவளுக்கு மட்டும் முறுக்கு சுட்டுக் கொடுத்தனுப்பினாள்.

இப்போது அந்த மீன்காரம்மா கம்பாலாவில் ஒரு கடைச் சுவரில் கூடையோடு, தன் நிறத்தோடு, வரைந்தவள் பெயரோடு நிற்கிறார். அவள் அனுப்பிய அந்தச் சுவரின் போட்டோவைத் தேவனாம்பட்டினத்துக்கு எடுத்துப் போய் அந்தம்மாவிடமே காட்டினேன். உற்றுப் பார்த்தார். "நல்லா நிக்கிறேன்ல?" என்றார். பிறகு, வஞ்சிரம் வேண்டுமா, இல்லை வேலை மெனக்கெட்டுப் போன் காட்டத்தான் வந்தாயா என்று கேட்டார். வாங்கிக்கொண்டு வந்தேன்.

விஷயம் இதோடு முடிந்திருந்தால் எங்கள் ஊர் எங்கள் ஊராக இருக்காது. சிதம்பரத்தில் படித்த பெண் ஆப்பிரிக்காவில் பேர் வாங்கிவிட்டாள் என்று உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றில் சின்னச் செய்தி வந்தது. அன்றைக்கே மாமா என் கடைக்கு வந்துவிட்டார். பழசெல்லாம் மறந்துபோன முகம்.

"ஒரு வாழ்த்து பேனர் அடிக்கணும் மாப்ளே. நம்ம கடை உலகத்துக்கு அறிமுகப்படுத்துன பொண்ணு இல்லையா?"

"வேலை ஜாஸ்தி மாமா" என்றேன். அதற்கு மேல் வாயைத் திறந்தால் இன்னும் பல நாள் வீட்டில் பேச்சு இருக்காது.

ஒரு வாரம் கழித்துச் சிதம்பரம் பஸ் நிலையத்தில் இறங்கியபோது அந்தப் பேனர் எதிரில் நின்றது. இருபது வருச சர்வீஸ்காரரின் கைவேலை. ஒரு பக்கம் மாமா இரு கையும் கூப்பி நிற்கிறார். மறுபக்கம் தங்க வட்டத்துக்குள் ஒரு பெண் சிரிக்கிறாள். ரோஸ் கன்னம், நீண்ட முடி, மெலிந்த மூக்கு. உலகப் புகழ் ஓவியரை வாழ்த்துகிறோம் என்று அவள் பெயரை, அவளுக்குப் படிக்கத் தெரியாத தமிழில் எழுதியிருந்தார்கள். நான் ஒரு போட்டோ எடுத்து ஒரு வார்த்தையும் சேர்க்காமல் அவளுக்கு அனுப்பினேன்.

உடனே பார்த்துவிட்டாள். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டிப் பதில் அனுப்பினாள். "அழகா இருக்காங்க. யாரு அண்ணா இது?"

விளையாடுகிறாளோ என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். வேறு எதுவும் வரவில்லை. பஸ் நிலையத்தில் அத்தனை சத்தத்துக்கு நடுவில் நின்றுகொண்டு, "தெரியலம்மா, எங்க மாமாவைத்தான் கேக்கணும்" என்று எழுதி அனுப்பினேன்.